காருக்குள் தண்ணீர் ஊற்றியது யார்?

"யாருடா இங்க தண்ணி ஊத்துனது?"

வாய்ப்பாடு என்கிற பையன் போட்ட சத்தத்தில் அம்மா காரை ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பின் சீட்டில் அவன் தன் புத்தகப் பையைத் தூக்கிப் பிடித்திருந்தான். பையின் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

"கணக்கு நோட்டு போச்சு! மூணு பக்கம் எழுதி வெச்சிருந்தேன். எல்லாம் போச்சு!"

வாய்ப்பாடு என்பது அவனுடைய பட்டப் பெயர். பதினாறாம் வாய்ப்பாட்டைக் கீழிருந்து மேலாகவும் சொல்லுவான். யாரும் கேட்காவிட்டாலும் சொல்லுவான்.

அவனுக்குப் பக்கத்தில், இடது கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தவன் புள்ளி. ஒன்றாம் வகுப்பு. மூக்கு நுனியில் ஒரு மச்சம். ஜன்னலோரம் உட்காராவிட்டால் அவனுக்குக் குமட்டும், அதனால் அந்த இடம் எப்போதும் அவனுக்குத்தான். அவன் கால் தரைக்கு எட்டாது. எட்டாத காலுக்குக் கீழே இடம் சும்மாதானே கிடக்கிறது என்று வாய்ப்பாடு தன் பையை அங்கே வைப்பான்.

"நான் ஊத்தலை," என்றான் புள்ளி.

"பின்ன? மேகம் கதவைத் திறந்துட்டு உள்ள வந்துச்சா?"

முன் சீட்டில் இருந்த நெட்டை எட்டிப் பார்த்தாள். கால்மிதியின் மேல் ஒரு சின்னக் குளம். அதில் ஒரு காகித உறை மிதந்துகொண்டிருந்தது.

நெட்டை, காரை ஓட்டும் அம்மாவின் மகள். ஐந்தாம் வகுப்பு. வகுப்பிலேயே உயரம். பின்னால் உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடிக்கும் என்பதால் அவளுக்கு முன் சீட்டு.

அம்மா புள்ளியைப் பார்த்தாள். தண்ணீர் விஷயத்தில் அவனுக்கு ஏற்கெனவே கொஞ்சம் கெட்ட பெயர் உண்டு. போன மாதம் ஒருநாள் ஓடுகிற காரில் பாட்டிலைத் திறந்து முக்கால்வாசியைக் கொட்டினான். அது உண்மை. அவனே ஒத்துக்கொண்டான்.

"சரி, நாளையிலருந்து உன் பாட்டில் முன்னாடி அக்கா மடியில வரட்டும்," என்றாள் அம்மா.

புள்ளி தலையாட்டினான். "ஆனா நான் ஊத்தலை அத்தை," என்று மறுபடியும் மெதுவாகச் சொன்னான்.

அன்று இரவு முழுக்க மழை.

மறுநாள் காலை புள்ளியின் பாட்டில் நெட்டையின் மடியில் இருந்தது. கார் தெரு முனையில் திரும்பியது.

களக்.

"புள்ளி! பாட்டிலை ஆட்டாத!" என்றான் வாய்ப்பாடு.

நெட்டை குனிந்து மடியைப் பார்த்தாள். பாட்டில் அசையவே இல்லை. அதை எடுத்துக் குலுக்கிப் பார்த்தாள். கழுத்துவரை நிரம்பிய பாட்டில். சத்தமே வரவில்லை.

அப்படியானால் 'களக்' என்றது எது?

அவள் யோசித்து முடிப்பதற்குள் பள்ளி வந்துவிட்டது. கீழே இறங்கப் போன வாய்ப்பாடு அலறினான். "அய்யே! மறுபடியும் ஈரம்!" பிறகு அவன் முகம் மாறியது. பாட்டில் முன்னால் இருக்கிறது. ஈரம் பின்னால் இருக்கிறது. அவனுக்குக் கணக்கு நன்றாக வரும். ஆனால் அன்று விடை தப்பாக வந்தது.

"டேய், நீ... கால்சட்டையிலேயே..."

"அவன் கால்சட்டை காஞ்சுதான் இருக்கு! கண்ணு தெரியலையா உனக்கு?" என்றாள் நெட்டை.

வாய்ப்பாடு காதில் வாங்கவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினான். புள்ளி பையைத் தோளில் மாட்டாமல், இரண்டு கையாலும் பின்பக்கம் மறைத்துப் பிடித்துக்கொண்டு வகுப்புக்கு நடந்தான்.

மதியத்துக்குள் விஷயம் பள்ளி முழுக்கப் பரவிவிட்டது.

சாயங்காலம் வாய்ப்பாட்டின் அம்மா போன் செய்தார். அவர் பேசியது பக்கத்து அறைவரை கேட்டது.

"உங்க வண்டியில எனக்குக் குறை இல்லைங்க. அந்தச் சின்னப் பையன் வந்தா எம் பையன் வரமாட்டான். எம் பையன் மட்டுமில்ல, இந்தத் தெருவுல யாரும் அனுப்ப மாட்டாங்க. அவ்வளவுதான்."

தெருப் பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுபோய் விட்டு, கூட்டி வருவதுதான் அம்மாவின் வேலை. போனை வைத்துவிட்டு எழுந்தாள். புள்ளியின் வீட்டுக்குப் போனாள். நெட்டையும் பின்னாலேயே போனாள்.

புள்ளியின் அம்மாவுக்குச் சலவைக்கூடத்தில் வேலை. விடிவதற்குள் போக வேண்டும். போகிற வழியில் தூங்குகிற புள்ளியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நெட்டையின் வீட்டில் விட்டுவிட்டுப் போவார். அவன் அங்கேயே எழுந்து, அங்கேயே பல் தேய்த்து, காரில் ஏறுவான்.

"எனக்கு மனசே இல்ல, தங்கச்சி. ஆனா எல்லாரும் இப்படிச் சொல்றாங்க," என்று அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "இந்த வாரம் மட்டும் வரட்டும். அப்புறம்..."

"உங்களை நான் தப்பு சொல்லலைக்கா," என்றார் புள்ளியின் அம்மா. "அவனைக் கூட்டிட்டுப் போக எனக்கு வேற ஆளில்லை. எங்கக்கா வீட்டுக்கு அனுப்பிடறேன். பஸ்ஸுல எட்டு மணி நேரம். அங்கேயே படிக்கட்டும். ஞாயித்துக்கிழமை கொண்டுபோய் விட்டுடறேன்."

கதவுக்குப் பின்னால் மூக்கு மட்டும் தெரிந்தது. மூக்கில் மச்சம் தெரிந்தது.

அன்று இரவு நெட்டை விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள்.

புதன்கிழமை அவள் சொன்னாள், "அம்மா, புள்ளி ஏறுறதுக்கு முன்னாடியே கால்மிதி ஈரமா இருந்துச்சு. நான் தொட்டுப் பாத்தேன்."

"அது நேத்து ஈரம். மழைக் காலத்துல எது சீக்கிரம் காயுது?"

அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. வியாழக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் திருப்பங்களில் அந்தக் 'களக்' கேட்டது. கையில் பாட்டிலே இல்லாத புள்ளி ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு, மூச்சுகூடச் சத்தமாக விடாமல் வந்தான்.

வெள்ளிக்கிழமை மாலை நெட்டை பழைய துணிகளோடு காருக்குள் நுழைந்தாள். கால்மிதியை வெளியே எடுத்துப் பிழிந்தாள். அடியில் இருந்த விரிப்பைத் துணி வைத்து அழுத்தி அழுத்தித் துடைத்தாள். துணியில் ஈரம் ஏறாத வரைக்கும் விடவில்லை. கை வலித்தது. பிறகு இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரைக்கும் செய்தித்தாளை விரித்தாள்.

"அம்மா, காரைப் பூட்டுங்க. சாவியை நீங்களே வெச்சுக்குங்க. எனக்குக்கூடத் தரக்கூடாது."

"என்னடி இது, வங்கி லாக்கரா?" என்று கேட்டாலும் அம்மா பூட்டினாள்.

இரவு மழை பெய்தது. நெட்டை போர்வைக்குள் சிரித்துக்கொண்டே தூங்கினாள். மழைக்கு இப்படிச் சந்தோஷப்பட்டவர்கள் அந்தத் தெருவில் வேறு யாரும் இல்லை.

சனிக்கிழமை காலை நெட்டை, அம்மாவின் கையாலேயே காரைத் திறக்கச் சொன்னாள். இடது கதவோரம் இருந்த செய்தித்தாள் ஊறிக் கூழாகியிருந்தது. நடுவில் இருந்தது நமத்திருந்தது. வலது கதவோரம் இருந்தது மொறுமொறுவென்று காய்ந்து கிடந்தது.

"சாவி யார்கிட்ட இருந்துச்சும்மா?"

"என் தலகாணிக்கு அடியில."

"அப்போ ராத்திரி புள்ளி வந்து ஊத்தியிருக்க மாட்டான் இல்ல?"

அம்மா கூழான தாளை விரலால் தொட்டுப் பார்த்தாள். "பாவம்டி அந்தப் பிள்ளை," என்றாள். "மழைத் தண்ணிதான் உள்ள வருது. ஆனா எந்த வழியா வருது? அது தெரியாம யார்கிட்டப் போய்ச் சொன்னாலும், நாம அவனுக்குப் பரிஞ்சு பேசுறோம்னுதான் சொல்லுவாங்க. அப்பாவைக் கூப்பிடு."

அப்பா குழாய் வேலை செய்பவர். ஊரில் எந்தக் குழாய் ஒழுகினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அப்போது ஒரு பழைய குழாயின் திருகு மரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தப் பக்கம்?" என்று தலை நிமிராமலே கேட்டார்.

"இடது பின் கதவுப்பா."

"அந்தக் கதவா? சான்ஸே இல்ல. ரெண்டு மாசம் முன்னாடி கண்ணாடி இறங்காம மாட்டிக்கிச்சே, நான்தானே கழட்டிச் சரி பண்ணேன்? நான் கை வெச்ச இடத்துல ஒரு சொட்டு வராது. எழுதி வாங்கிக்க."

"கார் வேலைக்குக் கார் மெக்கானிக்கைக் கூப்பிடலாம்னு அன்னைக்கே சொன்னேன்," என்றாள் அம்மா.

"ஏன்? குழாயா இருந்தா என்ன, காரா இருந்தா என்ன? எல்லாம் தண்ணிதானே?"

அப்பா தன் வெள்ளைப் பசை டப்பாவோடு வெளியே வந்தார். குழாய் இணைப்புகளில் பூசுகிற பசை அது. காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும். கதவைச் சுற்றியிருந்த ரப்பரில் பூசுவதற்காக மூடியைத் திறந்தார்.

"அப்பா, ஒரு வீட்டுல சுவர் நனைஞ்சிருந்தா போன உடனே பசையை எடுப்பீங்களா?"

"அது எப்படி? முதல்ல எங்க ஒழுகுதுன்னு பாக்கணும்."

"அப்போ இங்க?"

அப்பா மூடியைத் திரும்ப மாட்டினார். "கால் மாதிரியே வாயும் நீளம் இவளுக்கு," என்றார். ஆனால் ஒரு வாளித் தண்ணீரும் குவளையும் எடுத்து வந்தார்.

நெட்டை அம்மாவின் முகப் பவுடரை எடுத்துக்கொண்டு காருக்குள் ஏறினாள். இடது கதவின் உட்பக்கத்திலும், அதன் கீழே விளிம்பிலும் பவுடரைத் தூவினாள். தண்ணீர் வந்தால் பவுடரில் கோடு விழும். அப்போது ஒளிந்துகொள்ள முடியாது.

"கதவைச் சாத்திக்க. கீழயிருந்து மேல போறேன்," என்றார் அப்பா. "மேல ஆரம்பிச்சா எல்லாம் நனைஞ்சு, எது எங்கயிருந்து வந்ததுன்னே தெரியாது."

கதவின் அடியில் ஊற்றினார்.

"வருதா?"

"வரலை!"

ரப்பரைச் சுற்றி ஊற்றினார்.

"வரலை!"

"நான்தான் சொன்னேனே!" என்று சொல்லிக்கொண்டே கண்ணாடியில் ஊற்றினார். ஒரு குவளை. இரண்டு. ஐந்து. கண்ணாடியில் வழிந்த தண்ணீர் கதவுக்குள் இறங்கி மறைந்தது. ஆறாவது குவளையில், கதவின் உட்பலகைக்கு அடியிலிருந்து ஒரு மெல்லிய கோடு எட்டிப் பார்த்தது. கொஞ்சம் நின்றது. பிறகு பவுடரைக் கிழித்துக்கொண்டு கால்மிதிக்கு ஓடியது.

"வருது! அப்பா, வருது வருது வருது!"

அப்பா கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். "கண்ணாடியோரம் வழியாத்தான் உள்ள போகுது. அங்க அடைச்சிட்டா சரியாயிடும்."

"அடைச்சிட்டா கண்ணாடி எப்படிப்பா இறங்கும்?"

அப்பா குவளையை வாளிக்குள் போட்டார்.

நெட்டை கீழே இறங்கினாள். அவளுக்கு ஒரு யோசனை. வலது கதவு ஒழுகவில்லையே, அதன் கண்ணாடியிலும் அதே தண்ணீர்தானே விழுகிறது? வாளியைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் போனாள். வலது பின் கதவின் கண்ணாடியில் இரண்டு குவளை ஊற்றினாள். இங்கேயும் தண்ணீர் கதவுக்குள் இறங்கி மறைந்தது. அவள் குந்தி உட்கார்ந்து பார்த்தாள்.

கதவின் அடி விளிம்பில் இரண்டு சின்ன ஓட்டைகள். அவற்றின் வழியாகத் தண்ணீர் இரண்டு நூல் மாதிரி தரையில் விழுந்துகொண்டிருந்தது.

அவள் திரும்ப இடது பக்கம் வந்தாள். ஆறு குவளை ஊற்றியும் கண்ணாடிக்குள் போன தண்ணீர் தரைக்கு வரவில்லை. கதவின் அடியில் கையை விட்டுத் தடவினாள். இரண்டு இடத்தில் விரலில் ஏதோ மேடாகத் தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தாள். வெள்ளையாக இருந்தது. கல் மாதிரி இருந்தது.

அந்த வெள்ளை யாருடைய வெள்ளை என்று அவளுக்குத் தெரியும்.

அப்பா அவளுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். அவரும் பார்த்துவிட்டார். கதவைப் பிடித்து லேசாக ஆட்டினார்.

களக்.

இன்னொரு தடவை ஆட்டினார்.

களக், களக்.

அப்பாவின் காது மடல் சிவந்தது. படியில் நின்ற அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நெட்டை 'வேண்டாம்' என்று கண்ணாலேயே கெஞ்சினாள். அம்மா பேசவில்லை. அம்மாவுக்கு அது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"கண்ணாடியைச் சரி பண்ணும்போது பாத்தேன்," என்று அப்பாவே ஆரம்பித்தார். "அடியில ரெண்டு ஓட்டை. துருப்பிடிச்சு விழுந்தது போலன்னு நெனச்சேன். ஓட்டையைப் பாத்தா என் கை சும்மா இருக்குமா? அடைச்சிட்டேன். உள்ள போற மழைத் தண்ணி வெளிய வர்றதுக்குன்னே வெச்ச ஓட்டை அது. இத்தனை வருஷம் தண்ணியை வெளிய விடாம இருக்கறதுதானே என் வேலை? வெளிய விடணும்னு தோணவே இல்ல."

"ரொம்ப நல்லா அடைச்சிருக்கீங்கப்பா," என்றாள் நெட்டை. "ஒரு சொட்டுகூட வெளிய வரலை."

அப்பா அவளை முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

திருப்புளியை வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டினார். ஒரு துண்டு உடைந்து விழுந்தது. அடுத்த நொடி பழுப்பு நிறத் தண்ணீர் குபுகுபுவென்று அவர் காலில் கொட்டியது. அழுகின இலைகள் வந்தன. ஒரு பேனா மூடி வந்தது. தண்ணீர் நின்றபாடில்லை.

"குளத்தையே உள்ள வெச்சிருந்திருக்கு!" என்று அம்மா ஒதுங்கி நின்று சிரித்தாள். அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை.

அப்பா கதவின் உட்பலகையைக் கழற்றினார். அதற்குப் பின்னால் ஈரம் உள்ளே வராமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. போன தடவை கழற்றும்போது அது அடியில் கிழிந்திருந்தது. கதவு நிரம்பியதும் தண்ணீர் அந்தக் கிழிசல் வழியாகத்தான் உள்ளே வந்திருக்கிறது. பழைய தாளை எடுத்துவிட்டுப் புதிய தாளை ஓரம் முழுக்க அழுத்தி ஒட்டினார். பலகையை மாட்டினார். நெட்டை மறுபடியும் பவுடர் தூவி உள்ளே உட்கார்ந்தாள்.

இருபது குவளை ஊற்றினார்கள். அடியில் இரண்டு நூலாகத் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. பவுடரில் ஒரு கோடுகூட விழவில்லை.

அப்பா கையைக் கழுவிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார். "வா," என்றார் நெட்டையிடம்.

புள்ளியின் வீட்டில், வாசலோரம் ஒரு பை தயாராக நின்றது. அவனுடைய ஸ்வெட்டர் மேலாகத் தெரிந்தது. புள்ளி அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒரு காகிதத்தில் பஸ் வரைந்துகொண்டிருந்தான். பஸ்ஸுக்கு ஜன்னலே போடவில்லை.

"தங்கச்சி, அந்தப் பையைப் பிரிச்சிடு," என்றார் அப்பா. நடந்ததை எல்லாம் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. புள்ளியின் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார்.

பிறகு அப்பா புள்ளியின் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"காருக்குள்ள தண்ணி வந்தது உன்னால இல்லடா. என்னாலதான்."

புள்ளி அவரை ஆச்சரியமாகப் பார்த்தான். "ஏன் மாமா ஊத்துனீங்க?"

"தெரியாம நடந்து போச்சு."

புள்ளி பென்சிலைக் கீழே வைத்தான். "நானும் அன்னைக்கு ஒரு தடவை தெரியாமத்தான் ஊத்துனேன்," என்றான். "பரவால்ல மாமா."

அப்பாவால் உடனே எழுந்திருக்க முடியவில்லை. கால் மரத்துவிட்டது என்று சொன்னார்.

அங்கிருந்து வாய்ப்பாட்டின் வீட்டுக்குப் போனார்கள். அவனுடைய அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "ஐயோ, நான் வேற என்னென்னவோ பேசிட்டேனே," என்று கையைப் பிசைந்தார். வாய்ப்பாடு அவர் முதுகுக்குப் பின்னால் நின்றான்.

"நான் ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே," என்றான் நெட்டையிடம். "இப்ப என்ன பண்றது?"

"சொன்ன வாயாலயே மாத்திச் சொல்லு."

திங்கட்கிழமை காலை மணி அடிப்பதற்கு முன் அவன் ஒன்றாம் வகுப்பு வாசலில் போய் நின்றான். "எல்லாரும் கேட்டுக்குங்க. அது மழைத் தண்ணி. கார்க் கதவுல ஓட்டை இல்லாததால உள்ள வந்துச்சு."

"ஓட்டை இல்லாததாலயா?" என்று ஒரு குட்டிப் பெண் கேட்டாள். வகுப்பே சிரித்தது.

வாய்ப்பாடு திணறினான். "அதாவது... ஓட்டை இருக்கணும்... இருந்தாத்தான்..."

புள்ளி எழுந்து போனான். சுண்ணக்கட்டியை எடுத்து, கரும்பலகையில் எட்டுகிற உயரத்தில் ஒரு கதவு வரைந்தான். கதவுக்குள் தண்ணீர் வரைந்தான். அடியில் இரண்டு ஓட்டை போட்டான். "இப்படி," என்றான். "மாமா இங்க அடைச்சிட்டாங்க. அக்கா கண்டுபிடிச்சாங்க." எல்லோரும் கரும்பலகையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். உள்ளே வந்த டீச்சரும் நின்று கேட்டார்.

அன்று மாலை நல்ல மழை. காரின் கூரையில் சடசடவென்று விழுந்தது. புள்ளி தன் ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணாடியில் வழிந்த ஒவ்வொரு துளியையும் விரலால் துரத்திக்கொண்டு வந்தான். தெரு முனை வருவதற்குள் விரல் நின்றுவிட்டது. கதவில் தலை சாய்த்துத் தூங்கிப்போனான்.

அம்மா அதைப் பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தாள். அடுத்த வேகத்தடையில் காரை அவ்வளவு மெதுவாக ஏற்றி இறக்கினாள். வீட்டு வாசல் வரும்வரை யாரும் அவனை எழுப்பவில்லை.